அப்பா விடவில்லை

உடம்பில்லாத உடுப்புகளுக்கு உடம்பு செய்து கொடுப்பதுதான் சந்திரவதனாவின் வேலை. லண்டனின் டெப்ட்பர்ட் பகுதியில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், பழைய களஞ்சியம் ஒன்றின் இரண்டு மாடிகளில் இருந்தது அந்தச் சிறிய நாடக உடை அருங்காட்சியகம். நூறு வருடத்துக்கு முந்திய உடையைக் கடைப் பொம்மையில் அப்படியே மாட்டிவிட முடியாது. தையல் பிரிந்துவிடும். உடுத்தவளின் இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று உடுப்பை வைத்தே அளந்து, பஞ்சும் வலைத்துணியும் கொண்டு உள்ளே ஓர் உடம்பைத் தைக்க வேண்டும். ஈஸ்ட் ஹாமில் மணப்பெண் உடை தைக்கும் கடையில் பதினாறு வருடம் கைத்தையல் செய்தவளுக்கு அது சிரமமாக இல்லை. கடை மூடியபோது தெரிந்தவர் ஒருவர் சொல்லி இங்கே வந்தாள். வந்து ஒன்பது வருடமாகிறது. அவளுக்கு இப்போது வயது அறுபத்தொன்று.

அந்த வருடம் வசந்தத்தில் திறக்கவிருந்த கண்காட்சி விக்டோரியா காலத்து மேடைப் பெண்களின் உடைகளைப் பற்றியது. அதைப் பொறுப்பெடுத்திருந்தவள் மஹதி. சென்னையில் பிறந்து, இங்கே சரித்திரம் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட முப்பது வயதுப் பெண். பெட்டியிலிருந்து எது வெளியே வந்தாலும் அதன் கதையையும் சேர்த்தே சொல்லுவாள்.

முதலில் வந்தது ஒரு சோடி நீளக் காலுறை. இடுப்பு முதல் பாதம் வரை ஒரே பின்னல், வெளிறிய இளஞ்சிவப்பு.

"இதுக்குச் சதை நிறம்னு பேரு ஆன்ட்டி. போட்டிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் வெறுங்கால் மாதிரியே தெரியணும். இத மாட்டிக்கிட்டு மேடையில நின்னதுக்கே பேப்பர்ல திட்டி எழுதியிருக்காங்க. திட்டினவங்களே டிக்கெட் வாங்கி முன் வரிசையில உக்காந்தாங்க."

சந்திரவதனா காலுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு முழங்காலிலும் எத்தனையோ தடவை இழையோட்டித் தைத்த தழும்பு. உள்ளே கெண்டைக்கால் இருக்கும் இடத்தில் மெல்லிய பஞ்சுப்பட்டை ஒன்று வைத்துத் தைத்திருந்தது. கால் ஒல்லியாகத் தெரியக் கூடாது என்பதற்காக.

"ஆரோ கெட்டிக்காரி தைச்சிருக்கிறாள்," என்றாள்.

அடுத்து, டார்லட்டன் என்ற விறைப்பான மெல்லிய பருத்தித் துணியில் அடுக்கடுக்காகச் செய்த பாவாடை வந்தது. அந்தத் துணிக்கு மேடையோரத்து வாயு விளக்குகள் பொல்லாத எதிரி. ஒரு சுடர் பட்டால் போதும், நின்ற நிலையிலேயே பெண் எரிந்துபோவாள். தீப்பற்றாமலிருக்க உப்புக் கரைசலில் தோய்க்கும் வழி இருந்தது. தோய்த்தால் துணி மங்கி விறைத்துவிடும் என்று பல ஆட்டக்காரிகள் மறுத்துவிட்டார்கள். செத்தவள் மேல்தான் பழியும் விழுந்தது.

கடைசியாகக் கருநீல நிறத்தில் ஒட்டிப் பிடிக்கும் ஒற்றை உடுப்பு. மேல்சட்டையும் கீழும் ஒன்றாய்ப் பின்னியது. ஊஞ்சலில் பறந்த சர்க்கஸ்காரி ஒருத்தியுடையது.

"லியோடார்ட். அது ஒரு மனுஷனோட பேரு, தெரியுமா ஆன்ட்டி? பிரெஞ்சுக்காரர். ட்ரபீஸ் ஊஞ்சல்ல முதல்ல பறந்து காட்டினவர். லண்டனுக்கும் வந்து ஆடியிருக்கார். அவர் இத வெறும் பின்னல் சட்டைன்னுதான் சொன்னார். அவர் இறந்து பல வருஷம் கழிச்சுத்தான் இங்க அவரோட பேர இதுக்கு வச்சாங்க. பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது."

"செத்த ஆளின்ர தலையில எதையும் கட்டலாம்," என்று சொல்லிவிட்டு சந்திரவதனா அளவுநாடாவை எடுத்தாள்.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியை மஹதி இன்றைய காலத்துக்கு ஒதுக்கியிருந்தாள். லண்டனில் இருக்கும் பெண்கள் தாங்கள் போட்ட ஆட்ட உடையோ பயிற்சி உடையோ ஒன்றை இரவலாகத் தரலாம், கூடவே அதைப் பற்றி நாலு வரி எழுதித் தரலாம் என்று அறிவித்திருந்தாள். நாற்பது பேர் அனுப்பியிருந்தார்கள். மஹதி ஐந்தைத் தெரிந்தெடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த ஐந்தில் நாலாவது பொதியைப் பிரித்த சந்திரவதனாவின் கை அப்படியே நின்றது.

ஊதா நிற லியோடார்ட். தோளிலிருந்து இடுப்புக்குச் சரிந்து இறங்கும் வெள்ளிப் பட்டை. இடது அக்குளில் அவளே போட்ட தையல். இந்த உடுப்பை மகள் எப்போதோ குப்பையில் போட்டிருப்பாள் என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தாள்.

மஹதி சிரித்துக்கொண்டே வந்தாள். "சர்ப்ரைஸ் ஆன்ட்டி! போன வருஷம் ஃபேமிலி டேக்கு வந்தப்ப அஜித்தாகிட்ட பேசினேன். அவங்களே அனுப்பிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னாங்க. இதான் அட்டை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, ஒரு தடவ பாத்துடுங்க."

அட்டையில் ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: பயிற்சி உடை, 2004. இரவல் தந்தவர் அஜித்தா செல்வரத்தினம். 'பிளேஸ்டோவில் இரண்டு வருடம் இதைப் போட்டுப் பழகினேன். பதின்மூன்று வயதில் பிராந்திய அணிக்குத் தெரிவானேன். அப்பா விடவில்லை. உடம்பு தெரிகிறது என்பது அவருக்குக் காரணம். அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் நேரே பேசியதில்லை. நூற்றைம்பது வருடத்தில் என்ன மாறிவிட்டது?'

சந்திரவதனா இரண்டு தடவை வாசித்தாள். கதிரையில் இருந்தாள்.

"ஆன்ட்டி, ஏதும் தப்பா இருக்கா? அங்கிள் இறந்துட்டார்னு தெரியும். அஜித்தா ரொம்ப யோசிச்சுத்தான் எழுதினேன்னு சொன்னாங்க."

"இதை மாத்தேலுமோ?"

"எழுதினது அவங்க. அவங்க சொன்னா மாத்தலாம். வேற யாரும் மாத்த முடியாது ஆன்ட்டி."

புருசன் செல்வரத்தினம் ஒருபோதும் தடுக்கவில்லை. தடுத்தவள் சந்திரவதனா.

அப்போது அவர்கள் பிளேஸ்டோவில் இப்போதிருக்கும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். செல்வரத்தினத்துக்குப் பொதிகள் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை. பிள்ளை பாடசாலையில் குட்டிக்கரணம் அடிப்பதைப் பார்த்த உடற்பயிற்சி ரீச்சர் ஒருத்தி ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்புக்கு அனுப்பிவைத்தாள். அங்கே பழக்கியவள் கரோலின் என்ற வெள்ளைக்காரி. இரண்டு வருடத்தில் அஜித்தா ஒடுங்கிய மரச்சட்டத்தின் மேல் பின்பக்கமாகப் பாய்ந்து, நிலத்தில் நிற்பதைப் போல நின்றாள். சந்திரவதனாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உடுப்பு அக்குளில் பிரிந்தபோது இரவிரவாக இருந்து தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

பிறகு கவுன்சில் வீடுவீடாகப் போடும் சஞ்சிகையில் அஜித்தாவின் படம் வந்தது. காலை அகல விரித்துக் காற்றில் நிற்கும் படம். அடுத்த கிழமை வெம்பிளியில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு மனுசி அந்தப் பக்கத்தை மடித்துக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். "இது உங்கட மகளே? நல்லாத்தான் காட்டுறாள்," என்றாள். சுற்றி நின்ற மூன்று பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சந்திரவதனா தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. அன்றிலிருந்து மகளைப் பார்த்தால் பாய்ச்சல் தெரியவில்லை, தொடைதான் தெரிந்தது.

பிராந்திய அணிக்குச் சம்மதம் கேட்டுக் கடிதம் வந்ததும் அவள் தனியே கிளப்புக்குப் போனாள். எனக்கு விருப்பமில்லை என்று சொல்லத்தான் போனாள். கரோலினின் முகத்தைக் கண்டதும் வாயில் வந்தது வேறு. "அவளின் அப்பாவுக்கு விருப்பமில்லை," என்றாள்.

கரோலின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எனக்குப் புரிகிறது," என்று சொல்லி அவளுடைய கையைப் பிடித்தாள். முன்பே எதிர்பார்த்திருந்தவள் மாதிரி. தாங்களிருவரும் ஒரு பக்கம், அந்த அப்பா மறுபக்கம் என்பது மாதிரி. அந்தப் பொய் அவ்வளவு இலகுவாக இறங்கியது சந்திரவதனாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மகளிடமும் அதையே சொன்னாள். "அப்பா வேண்டாம் எண்டுட்டார், பிள்ளை. அவரோட போய்ச் சண்டை பிடியாதை. நான் பிறகு கதைச்சுப் பாக்கிறன்." மகள் அவளுடைய மடியில் படுத்து அழுதாள். சந்திரவதனா தலையைத் தடவிக்கொடுத்தாள். புருசனிடம், அவளுக்கு அலுத்துப்போச்சாம் என்றாள்.

செல்வரத்தினத்துக்கு அது தெரியவர ஒரு வருடமானது. பாடசாலையில் பெற்றோர் சந்திப்புக்குப் போனவரிடம் அந்த உடற்பயிற்சி ரீச்சர், நீங்கள் அனுமதித்திருக்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார்.

"நான் மறிச்சனான் எண்டு சொன்னனீரே?"

சந்திரவதனா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஓம்," என்றாள். "கோவிக்காதேங்கோ. வாய் தவறி வந்திட்டுது. நீங்கள் அவளிட்டச் சொல்லிப்போடுங்கோ, அம்மாதான் எண்டு."

அந்த ஒரு வருடமாக மகள் ஏன் தன் முகத்தைப் பார்ப்பதில்லை, ஏன் தான் வந்தால் எழுந்து போகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"வேண்டாம்," என்றார் கடைசியில். "இப்ப அவள் உம்மோட மட்டும்தான் கதைக்கிறாள். பதினாலு வயசு. அதையும் உடைச்சுப்போட்டால் இந்த வீட்டில ஆரோட கதைப்பாள்? என்னில கோவிக்கட்டும். கொஞ்ச நாளில ஆறிடும்."

ஆறவில்லை. பதினெட்டு வயதில் பிஸியோதெரபி படிக்க ஷெஃபீல்டுக்குப் போனாள். திரும்பி வந்து லூயிஷாமில் வீடு எடுத்தாள். தாயோடு தினமும் போனில் கதைத்தாள். தகப்பனோடு ஓம், இல்லை, பரவாயில்லை என்ற மூன்று சொல்லுக்கு மேல் இல்லை. நாலு வருடத்துக்கு முன் அவர் இருதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். அஜித்தா ஒவ்வொரு நாளும் வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று மருந்துப் பட்டியலை வாசித்தாள், தாதிகளோடு கதைத்தாள். "வேலை எப்பிடிப் பிள்ளை?" என்று அவர் கேட்டார். "பரவாயில்லை," என்றாள். பதினோராம் நாள் அவர் இல்லை.

இப்போது அவருடைய பெயர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஏறப்போகிறது. ஆறு மாதத்துக்கு ஊரெல்லாம் வந்து வாசிக்கும்.

செவ்வாயும் புதனும் அவள் ஒன்றும் செய்யவில்லை. பேசாமல் விட்டால் என்ன என்று நினைத்தாள். செத்தவருக்கு வலிக்காது. இருக்கிறவர்களுக்கு இருப்பதாவது மிஞ்சட்டும். அப்படித்தானே அவரும் சொன்னார். வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தவள், வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் லூயிஷாம் பஸ்ஸில் ஏறினாள்.

அஜித்தா கதவைத் திறந்தாள். வேலை உடுப்பு இன்னும் மாற்றவில்லை. "அம்மா? சொல்லாமல் வாறீங்கள். மழையில வேற." பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, பார்த்திட்டீங்கள் என்ன? அந்தத் தையலைக் கண்டனீங்களோ? நான் அதைப் பிரிக்கவே இல்லை."

"கண்டனான்." சந்திரவதனா கோட்டைக் கழற்றவில்லை. "அட்டையில ஒரு பிழை இருக்குது, பிள்ளை."

"என்ன பிழை? வருசமா?"

"அப்பா மறிக்கேல்லை. நான்தான் மறிச்சனான்."

அஜித்தாவுக்கு உடனே பிடிபடவில்லை. அடுப்பில் ஏதோ வேகிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் தனியக் கரோலினிட்டப் போனனான். அப்பாவுக்கு விருப்பமில்லை எண்டு சொன்னனான். உன்னட்டையும் அதைத்தான் சொன்னனான். அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. உனக்கு அலுத்துப்போச்சு எண்டுதான் அவருக்குச் சொன்னனான்."

அஜித்தா போய் அடுப்பை நிறுத்தினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவர் எப்ப அறிஞ்சவர்?"

"அடுத்த வருசம்."

"அறிஞ்சும் என்னட்டச் சொல்லேல்லை."

"நான் சொல்லச் சொன்னனான்..." என்று தொடங்கிய சந்திரவதனா நிறுத்திக்கொண்டாள். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. "ஒருக்காத்தான் சொன்னனான். வேண்டாம், உனக்குக் கதைக்க ஒரு ஆள் வேணும் எண்டார். அவர் அப்பிடிச் சொன்னதும் எனக்கு லேசாப் போச்சுது. பிறகு நான் அந்தக் கதையை எடுக்கேல்லை."

"ஏனம்மா மறிச்சனீங்கள்?"

"வெக்கம்."

"என்னை நினைச்சு?"

"சனம் சிரிச்சுது. வேற காரணம் இல்லை. பெரிய காரணம் ஏதும் இருந்திருந்தால் சொல்லியிருப்பன்."

அஜித்தா திரும்பினாள். அழவில்லை. வேலையில் நோயாளியின் முதுகெலும்பைத் தடவி எது எங்கே விலகியிருக்கிறது என்று தேடும் முகம் அது.

"ஆஸ்பத்திரியில நீங்கள் எனக்குப் பக்கத்தில நிண்டனீங்கள். பத்து நாள்."

"ஓம்."

"அவர் என்னோட கதைக்கப் பார்த்தவர். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிண்டன். நீங்கள் கண்டனீங்கள்."

"கண்டனான்."

"பத்து நாளில ஒரு நிமிசம் கிடைக்கேல்லையா அம்மா?"

சந்திரவதனாவுக்குக் கிடைத்திருந்தது. ஒரு நிமிடமல்ல, நூறு நிமிடம் கிடைத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். சொன்னால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று பயந்தாள். புருசன் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மகளையும் விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நீங்கள் போய்விடுங்கள்," என்றாள் அஜித்தா ஆங்கிலத்தில். குரல் உயரவில்லை. பிறகு கதவடியில் தொங்கிய குடையை எடுத்து நீட்டினாள். "மழை. கொண்டு போங்கோ."

வெள்ளிக்கிழமை காலை மஹதிக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. மஹதி அதைச் சந்திரவதனாவிடம் காட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

அட்டையில் முதல் இரண்டு வரிகள் அப்படியே இருந்தன. மிச்சம் மாறியிருந்தது. 'அப்பா விடவில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் நம்பினேன். அது உண்மையல்ல.'

அவ்வளவுதான். சொன்னது யார் என்று இல்லை. அம்மா என்ற சொல்லே இல்லை. எழுதியிருந்தால் நன்றாயிருக்கும் என்று சந்திரவதனாவுக்குத் தோன்றியது. எழுதி, அதைப் பெரிய எழுத்தில் அடித்து, தன்னை அதற்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பாள். மகள் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை இரக்கம் என்று எடுப்பதா, இனி நீ என் கதையிலேயே இல்லை என்று எடுப்பதா, அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை அந்த உடுப்புக்கு உடம்பு தைத்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பு. அளவுநாடா தேவைப்படவில்லை. பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, தோள்பட்டையை உருட்டி, வயிற்றை ஒட்டத் தைத்தாள். லியோடார்டை மேலே இழுத்து மாட்டியபோது ஒரு சுருக்கமும் விழவில்லை. மஹதி வந்து பார்த்து, "பெர்ஃபெக்ட் ஆன்ட்டி," என்றாள். சந்திரவதனா தலையாட்டினாள். அந்தக் காலத்து முழங்கால் தழும்புகளோடும் எரிந்துபோகக்கூடிய பாவாடைகளோடும் ஒரே வரிசையில் அது நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். திறப்பு விழாவுக்கு அஜித்தா வரவில்லை.

தினசரி போன் நின்றது. ஏழு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அஜித்தா பிளேஸ்டோ வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அப்பான்ர சாமான் ஏதும் இருக்கோ?"

இருந்தது. ஒரு கம்பளி மேலங்கி, கைக்கடிகாரம், வேலையிடத்து அடையாள அட்டை, அவர் கணக்கில்லாமல் வாங்கி வைத்த ரேடியோ பற்றரிகள். சந்திரவதனா எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். அஜித்தா நடையிலேயே நின்றாள். இருக்கச் சொன்னபோது, "இல்லை, பரவாயில்லை," என்றாள். அந்தச் சொல்லைச் சொல்லும் குரல் சந்திரவதனாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் அது அவளுக்குச் சொல்லப்பட்டதல்ல.

"ஒண்டு கேக்கிறன். நான் பாயிறதை அவர் ஒருக்காவாவது பார்த்தவரா?"

"கனதரம்." சந்திரவதனா அவசரப்படாமல் சொன்னாள். இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும். "பின்னேர ஷிப்ட் இல்லாத நாளில கிளப்புக்கு நடந்து போவார். அங்க பக்கக் கதவில ஒரு கண்ணாடி இருந்ததெல்லே? அதுக்கு வெளியில நிப்பார். வீட்டை வந்து எனக்குக் கையால செய்து காட்டுவார், இப்பிடிச் சுத்தினவள், இப்பிடி நிண்டவள் எண்டு. ஒருநாள் அதைக் காட்டப் போய் மேசை விளக்கைத் தட்டி உடைச்சவர்."

"நான் ஒருநாளும் காணேல்லை."

"நீ தன்னைப் பார்த்தால் தடுமாறி விழுந்திடுவாய் எண்டு அவருக்குப் பயம். நீ இந்தப் பக்கம் திரும்பினால் அவர் விலகிடுவார்."

அஜித்தா பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஏதாவது கேட்பாள் என்று சந்திரவதனா காத்திருந்தாள். சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. அந்த மனுசனைப் பற்றி அறிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான்.

"பிறகு வாறன்," என்றாள் அஜித்தா. எப்போது என்று சொல்லவில்லை.

தெருவில் நிறுத்தியிருந்த காரில் ஏறிப் பெட்டியைப் பக்கத்து ஆசனத்தில் வைத்தாள். ஆசனப் பட்டியை இழுத்துப் போட்டாள். ஆனால் காரை எடுக்கவில்லை. சந்திரவதனா முன்னறை ஜன்னலில் நின்று பார்த்தாள். மகளின் தலை குனிந்திருந்தது. தோள் குலுங்குவது போலவும் இருந்தது, கண்ணாடியில் மழைத்துளி ஓடுவதால் அப்படித் தெரிவது போலவும் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடவேண்டும் போலிருந்தது. முன்பு மகள் மடியில் படுத்து அழுதபோது தலை தடவியது இதே கைதான். அன்று பொய்யைச் சொல்லிவிட்டுத் தடவியதை நினைத்து அவள் போகவில்லை.

இருபது நிமிடத்துக்குப் பிறகு கார் மெல்ல நகர்ந்து, தெருமுனையில் திரும்பியது.